ரெண்டு டிரைவருக்கு நடுவுல மாட்டுன 2.30

போன தை மாசத்துக்கு முந்துன தைல நடந்தது இது. ராத்திரி ஒன்பதரை இருக்கும், சித்தப்பா போன் பண்றாரு, எடுத்ததும் "ஏம்ப்பா, உன் கம்ப்யூட்டர் படிச்சது எந்த பள்ளிக்கூடத்துல?" ன்னு கேக்குறாரு. கோவமா இருந்தா இப்டித்தான் சுத்தி வளைச்சு ஆரம்பிப்பாரு. விஷயம் என்னன்னா, ரெண்டரை மணி நேரம் அறுத்த வயலுக்கு மிஷினு வாடகை 500 ரூவா குறைச்சு பில்லு வந்திருக்கு, அந்த ஆளு சந்தோஷமா கட்டிட்டு போயிட்டாரு.

சித்தப்பாவப் பத்தி சொல்லிடறேன். மன்னார்குடிக்கும் நீடாமங்கலத்துக்கும் நடுவுல எங்க ஊரு. அவருக்கு சொந்தமா நெல்லு அறுக்குற பெல்ட் மிஷின் ரெண்டு இருக்கு, சம்பா அறுவடை வந்துட்டா வெளி மாவட்டத்துலேர்ந்து வர்ற மிஷினையும் இவரே பேசி இறக்கி ஊரூரா அனுப்புவாரு. வயல் ஈரமா இருந்தா பெல்ட்டு, காஞ்சிருந்தா டயரு, ரெண்டுக்கும் வேற வேற வாடகை, எல்லாமே மணிக்கணக்கு. சீசன்ல ஒரு நாளைக்கு முப்பது நாப்பது பில்லு விழும். நான் பெங்களூரு கம்பெனி வேலைய வீட்லேர்ந்தே பாத்துகிட்டு இருந்தேனா, "சும்மாத்தானே உக்காந்திருக்க, எனக்கு ஒரு கணக்கு சாப்ட்வேர் போட்டுக் குடு" ன்னுட்டாரு. பைத்தான்ல எழுதி, எஸ்கியூலைட்டுங்குற சின்ன டேட்டாபேஸ்ல டேட்டாவ வச்சு, ஒரு வாரத்துல குடுத்தேன். ஒரு வாரத்துல குடுத்தேன்னு அப்ப பெருமையா வேற சொல்லிகிட்டேன்.

தப்பு எங்கன்னு பாக்க ஒரு நிமிஷம்தான் ஆச்சு. மிஷின் ஓட்டுற டிரைவர் நோட்டுல "2.30" ன்னு எழுதியிருக்காரு. ரெண்டு மணி முப்பது நிமிஷம். எங்க தெரு பொண்ணு ஒண்ணு, பி.காம் ரெண்டாவது வருஷம், சாயங்காலத்துல வந்து நோட்டப் பாத்து எக்செல்லுல ஏத்தும். எக்செல் அத நம்பர்னு நெனச்சு கடைசி சைபர வெட்டி 2.3 ஆக்கிடுச்சு. என் புரோகிராம் அத ஃப்ளோட்டா, அதாவது புள்ளி வச்ச எண்ணா, படிச்சு வாடகையால பெருக்கிடுச்சு. அந்த வருஷ வாடகை மணிக்கு 2500 ன்னு வச்சுக்கோங்க, 2.3 ஆல பெருக்குனா 5750, நிஜத்துல வரவேண்டியது 6250. ஐநூறு போச்சு.

இத எழுதும்போது எனக்கே சிரிப்பு வருது, ஏன்னா அந்த டேட்டாவ முழுசா எத்தனையோ தடவ பாத்திருக்கேன், புள்ளிக்கு அப்புறம் 59 ஐ தாண்டுன எண்ணு அதுல ரொம்ப கம்மி, அங்கயே பொறி தட்டியிருக்கணும், தட்டல. 'ரொம்ப கம்மி' ன்னு சொல்றேன் பாருங்க, 'ஒண்ணுமே இல்ல' ன்னு சொல்ல முடியல. அதுதான் ரெண்டாவது கூத்து. அந்த பொண்ணு கணக்குல கெட்டி, சில நாள் அதுவே மனசுல மாத்தி ரெண்டேமுக்காலுக்கு 2.75 ன்னும், ரெண்டரைக்கு 2.5 ன்னும் போட்டிருக்கு. இன்னும் சில நாள் நோட்டுல இருந்த 2.50 ஐ, அதாவது ரெண்டு மணி ஐம்பது நிமிஷத்த, அப்டியே அடிச்சிருக்கு, எக்செல் அதையும் 2.5 ஆக்கிடுச்சு. இப்ப டேபிள்ல 2.5 ன்னு ஒரு வரி இருக்கு. அது 6250 ரூவாயா 7083 ரூவாயா? டேட்டாபேஸ கேட்டா அதுக்கு தெரியாது, எனக்கும் தெரியாது. எழுத்தா இருந்தவரைக்கும் 2.50 வேற 2.5 வேற. நம்பரா மாறுன நிமிஷத்துல ரெண்டும் ஒண்ணாயிடுச்சு, திரும்பிப் போக வழியில்ல. நாலு நாள் உக்காந்து பழைய நோட்ட பொரட்டி ஒவ்வொண்ணா சரி பண்ணேன், பாதி பக்கத்துல டீசல் கறை, மீதி பக்கத்துல சேறு.

நம்ம தொழில்லயும் டிரைவர்னு ஒருத்தர் இருக்காரு இல்லையா, புரோகிராமுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவுல நின்னு இங்க இருக்குற டைப்ப (எழுத்தா, எண்ணா, தேதியாங்குற வகைய) அங்க இருக்குற டைப்பா மாத்துறவரு. பைத்தான்ல 'மதிப்பு எதுவும் இல்ல' ன்னு சொல்ற நன் அங்க போனா நல்லு, அங்க இருக்குற டேட்டு இங்க வந்தா டேட் ஆப்ஜெக்ட்டு. அவரு தப்பு பண்ணலைங்க. என்ன குடுத்தோமோ அதத்தான் மாத்துவாரு. இந்த ரெண்டு டிரைவரும் ஒருத்தர ஒருத்தர் பாத்ததே இல்ல, நடுவுல பேசி வச்சிருக்க வேண்டியவன் நான்.

என் தப்பு இன்னொண்ணும் இருக்கு, அத மறைக்காம சொல்லிடறேன். காச நான் பைத்தான்ல டெசிமல்லதான், அதாவது தசம எண்ண பிசகாம வச்சுக்குற டைப்புலதான், வச்சிருந்தேன், அதுவரைக்கும் புத்தி இருந்துச்சு. அத எஸ்கியூலைட்டுக்கு அனுப்பும்போது இந்த டைப்ப ஏத்துக்க மாட்டேன்னு எரர் அடிச்சுது. பைத்தானோட எஸ்கியூலைட் மாட்யூலுக்கு டெசிமல் தெரியாது, டைப்ப மாத்திக் குடுக்குற அடாப்டர்னு ஒண்ணு நாமளே எழுதி பதிஞ்சு வைக்கணும். நான் என்ன பண்ணேன், எரர் போனா சரின்னு ஃப்ளோட்டுன்னு சுத்தி அனுப்பிட்டேன். சரி, அடாப்டர் எழுதி எழுத்தா அனுப்பியிருந்தா தப்பிச்சிருப்பேனான்னு பாத்தா அதுவும் இல்ல. டேபிள் போடும்போது அந்த கட்டத்துக்கு டெசிமல் 10 கமா 2, அதாவது மொத்தம் பத்து இலக்கம், புள்ளிக்கு அப்புறம் ரெண்டுன்னு எழுதியிருந்தேன். (டேபிள்ல மேலேர்ந்து கீழ போற வரிசைய கட்டம்னு எழுதுறேன், இங்கிலீஷ் பேர காலம்னு எழுதுனா டைமுன்னு நெனச்சுக்குவீங்க.) எஸ்கியூலைட்டுக்கு நாம எழுதுற டைப்பு ஒரு யோசனை மாதிரிதான், அந்த பேர பாத்து நியூமெரிக் சாயல், அதாவது எண்ணு பக்கம் சாயுற கட்டம்னு எடுத்துக்கும், எழுத்தா வர்ற '0.10' ஐயும் பாத்து இது நம்பர் மாதிரி இருக்கேன்னு அதுவே ஃப்ளோட்டா மாத்தி வச்சுக்கும். அப்டியே வேணும்னா கட்டத்த டெக்ஸ்ட்டுன்னே போடணும், இல்ல பைசாவா முழு எண்ணுல வைக்கணும். 2021 ல வந்த எஸ்கியூலைட் 3.37 லேர்ந்து எழுதுன டைப்ப கண்டிப்பா பாக்குற மாதிரி ஸ்ட்ரிக்ட்டுன்னு டேபிள் போட வழி இருக்கு, ஆனா அதுலயும் டெசிமல்னு ஒரு டைப்பு கெடையாது.

ஃப்ளோட்டு மேல எனக்கு இருக்குற கோவம் மிஷினு கணக்கோட நிக்கல. எங்க பக்கம் நடவு கூலிலேர்ந்து எல்லாமே மா கணக்கு. நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. குழி 144 சதுர அடி, அப்ப ஒரு மா 14400 சதுர அடி, சென்ட்டுல 33 சொச்சம், அதனால மூணு மா ஒரு ஏக்கர்னு வாய்ப்பேச்சு. நான் ஏக்கர்ல 0.33 ன்னு ரெண்டு தசமத்துல வச்சிருந்தேன், மூணு மாவ கூட்டுனா 0.99. வாய்ப்பேச்சு ஏக்கருக்கு ஒரு சென்ட்ட காணும். வயலோட ஓரத்த எலி தின்னுடுச்சுன்னு சொல்லிக்கலாம்.

சரி, வேலியிலயே வைப்போம், ஒரு மா 0.05 வேலி, சுத்தமான தசமம்தானேன்னு மாத்தி மூணு மாவ கூட்டிப் பாத்தா 0.15000000000000002 ன்னு வருது. ஃப்ளோட்டு எல்லாத்தையும் ரெண்டு, நாலு, எட்டு, பதினாறுன்னு பாதி பாதியா வெட்டித்தான் வச்சுக்கும். அரை, கால், அரைக்கால் எல்லாம் அதுக்கு கச்சிதமா உக்காரும். இருபதுல ஒண்ணு உக்காராது, ஏன்னா இருபதுல ஒரு அஞ்சு ஒளிஞ்சிருக்கு. அதனால 0.05 ன்னு நாம அடிக்கிறது உள்ள 0.05000000000000000277… ன்னு இருக்கும். இத அப்டியே டெசிமலுக்குள்ள போட்டா அந்த வாலும் சேந்து உள்ள வந்துடும், மேற்கோள் குறிக்குள்ள எழுத்தா குடுத்தாத்தான் வெறும் 0.05 வரும். ஜாவாங்குற இன்னொரு மொழியில டெசிமல் மாதிரி இருக்குற பிக்டெசிமலும் இதே கதைதான்.

இத திண்ணையில உக்காந்து பொலம்பிகிட்டு இருந்தப்ப பக்கத்து வீட்டு மாமா கேட்டுகிட்டு இருந்தாரு. அவங்க அப்பா இந்த ஊருக்கு கர்ணமா, அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளையா, இருந்தவரு. (1980 ல அந்த பதவியையே எடுத்துட்டாங்க, அப்புறம்தான் வி.ஏ.ஓ.) மாமா சிரிச்சுகிட்டே, "எங்கப்பா இதுக்கெல்லாம் புள்ளியே வைக்க மாட்டாருடா, முந்திரியா எண்ணிடுவாரு" ன்னாரு. முந்திரின்னா 320 ல ஒண்ணு. எனக்கு அப்ப புரியல, ராத்திரி படுத்துகிட்டு கணக்கு போட்டுப் பாத்தேன். 20 ல ஒண்ணான மா 16 முந்திரி, 80 ல ஒண்ணான காணி 4 முந்திரி, கால் 80 முந்திரி, எல்லாமே முழு எண்ணு! மாவையும் காணியையும் சேத்தா 20 முந்திரி, அதுதான் மாகாணி, 16 ல ஒண்ணு. இதுல ஒரு வேடிக்கை என்னன்னா மாவும் ஃப்ளோட்டுல சரியா உக்காராது, காணியும் உக்காராது, ரெண்டையும் கூட்டுனா வர்ற மாகாணி மட்டும் கச்சிதமா உக்காரும். ஆகச் சின்ன அளவ எடுத்துகிட்டு முழு எண்ணா எண்ணுறதத்தான் இன்னிக்கு நாம பைசால வை, குழில வை, நிமிஷத்துல வைன்னு புதுசா கண்டுபுடிச்ச மாதிரி பேசிகிட்டு இருக்கோம்.

அந்த உற்சாகத்துல ரசீதுல மாவுக்கு பழைய குறியீட்டையே அச்சடிப்போம்னு கெளம்புனேன். எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்குற யூனிகோடுல 2019 ல வந்த 12.0 ல தமிழ் பின்னக் குறியீடெல்லாம் தனி தொகுதியா சேத்துட்டாங்க. அப்ப ஒரு பழைய சர்வர்ல மைஎஸ்கியூஎல்ங்குற இன்னொரு டேட்டாபேஸ வச்சு பாத்துகிட்டு இருந்தேன், தமிழ் நல்லாத்தான் ஏறுச்சு, இந்த குறியீட்ட போட்டா மட்டும் எரர். மைஎஸ்கியூஎல்ல யூடிஎஃப்8 ன்னு பேரு வச்சது நெஜ யூடிஎஃப்8 (எழுத்த பைட்டா மாத்தி வைக்கிற முறை) கெடையாது, ஒரு எழுத்துக்கு 3 பைட்டுதான் இடம். நம்ம க, ங, ச எல்லாம் 3 பைட்டுல அடங்கிடும், இந்த பின்னக் குறியீடு 4 பைட்டு. யூடிஎஃப்8எம்பி4 ன்னு மாத்துனாத்தான் ஏறும், மைஎஸ்கியூஎல் 8.0 லேர்ந்து அதுதான் தானாவே வரும். மாத்துனேன், ஏறுச்சு, ஆனா பிரிண்டர்ல அந்த ஃபான்ட் இல்ல, வெறும் பொட்டியா வந்துச்சு. சித்தப்பா ரசீத தூக்கிப் பாத்துட்டு "இது என்ன, நெல்லு மூட்டையா?" ன்னாரு. விட்டுட்டேன்.

அடுத்த சீசனுக்கு எல்லாத்தையும் போஸ்ட்கிரேஸுங்குற டேட்டாபேஸுக்கு மாத்துனேன். எவ்ளோ நேரம் ஓடுச்சுன்னு வைக்க இன்டர்வெல்னு அருமையான டைப்பு இருக்கேன்னு ஆசையா அதையே போட்டேன். பைத்தான் பக்கம் அது டைம்டெல்டாங்குற டைப்பா வரும். ஒரு ஆளு வாரத்துக்கு மொத்தம் இருபத்தாறரை மணி நேரம் மிஷின் எடுத்திருக்காரு. போஸ்ட்கிரேஸ்ல பாத்தா 26:30:00 ன்னு அழகா இருக்கு, பைத்தான் அத அச்சடிக்கும்போது ஒரு நாள், 2:30:00 ன்னு அச்சடிக்குது. சித்தப்பா போன். "ஏம்ப்பா, ஒரு பகலு ஒரு ராத்திரி பூரா மிஷின் நிக்காம ஓடுச்சா, டிரைவர் மனுஷனா இல்லையா?" மதிப்பு சரிதான், காட்டுற விதம்தான் கோளாறு, ஆனா பில்லு வாங்குற ஆளுக்கு காட்டுறதுதானே மதிப்பு. எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டு நிமிஷம்னு ஒரே கட்டம், முழு எண்ணு, 150 ன்னா ரெண்டரை மணி நேரம்.

அப்புறம் போன்ல பாக்குற மாதிரி ஒரு பக்கம் கேட்டாரு, அத நோட்ல எழுதுனேன். (நோட்டுப் புஸ்தகம் இல்ல, நோட் ஜேஎஸ், ஜாவாஸ்கிரிப்ட் மொழிய சர்வர்ல ஓட்டுறது.) இங்கதான் மாட்டுப் பொங்கல் தகராறு. 2025 ஜனவரி 16, காணும் பொங்கல் அன்னிக்கு ஒரு பெரியவரு வயல்ல அறுவடை. பில்லுல தேதி 15. அவரு பில்ல எடுத்துகிட்டு நேரா வீட்டுக்கே வந்துட்டாரு, "தம்பி, மாட்டுப் பொங்கல் அன்னிக்கு நான் மாட்ட குளுப்பாட்டிகிட்டு இருந்தேன், வயல்ல மிஷின இறக்குனேன்னு எழுதியிருக்கீங்க, ஊருல என்னை என்ன நெனப்பாங்க?" காசு ஒரு ரூவா தப்பு இல்ல, ஆனா அவருக்கு மானப் பிரச்சனை.

நடந்தது என்னன்னா, போஸ்ட்கிரேஸ்ல வெறும் தேதியா இருக்குறத நோட் பக்கத்து டிரைவர் நேரமும் சேந்த டேட் ஆப்ஜெக்ட்டா மாத்துறாரு, ஏன்னா ஜாவாஸ்கிரிப்ட்டோட அந்த டேட்டுக்குள்ள வெறும் தேதின்னு ஒண்ண வைக்க முடியாது. அதனால 16 ந்தேதி நம்ம ஊரு நள்ளிரவுன்னு எடுத்துக்குறாரு. அத வெளிய அனுப்ப ஜேசான்னு எழுத்து வடிவமா மாத்தும்போது யூ.டி.சி.ங்குற உலகப் பொது நேரத்துக்கு போகுது, நாம அஞ்சரை மணி நேரம் முன்னால இருக்கோமா, 15 ந்தேதி 18:30 ஆயிடுது. நான் அதுல மொத பத்து எழுத்த வெட்டி தேதின்னு காட்டுனேன். முடிஞ்சுது கதை. இதுல கொடுமை, நான் சோதிச்சுப் பாத்தது வாடகை கிளவுட் சர்வர்ல, அது யூ.டி.சி.ல ஓடுது, அங்க நள்ளிரவும் யூ.டி.சி.யும் ஒண்ணுதான், தேதி சரியா வந்துச்சு. சித்தப்பா வீட்டு கம்ப்யூட்டருக்கு கொண்டுவந்ததும் ஒரு நாள் பின்னால போயிடுச்சு. இப்ப டிரைவர்கிட்ட 1082 நம்பர் டைப்ப, அதாவது தேதிய, தொடாத, எழுத்தாவே குடுன்னு சொல்லி வச்சிருக்கேன்.

அதே நோட்ல இன்னொரு நாள் ஒருத்தருக்கு 62 கோடியே 50 லட்சத்து 500 ரூவா பில்லு வந்துச்சு. வாடகை 625000 பைசா, காத்திருந்ததுக்கு 50000 பைசா, கூட்டுனா 675000 வரணும். போஸ்ட்கிரேஸ்ல முழு எண்ண சம் போட்டா (கூட்டுனா) பிக்இன்ட்டுங்குற பெரிய முழு எண்ணு டைப்பா வரும், அத நோட் டிரைவர் நம்பரா குடுக்காம எழுத்தா குடுப்பாரு. ஜாவாஸ்கிரிப்ட் நம்பரு 9007199254740991 வரைக்கும்தான் ஒண்ணு விடாம எண்ணும், பிக்இன்ட்டு 9223372036854775807 வரைக்கும் போகும், கடைசி இலக்கம் கெட்டுடக் கூடாதேன்னு பயந்து எழுத்தாவே கைல குடுத்துட்டு ஒதுங்கிக்கிறாரு. ரெண்டு எழுத்த கூட்டுனா என்ன ஆகும், பக்கத்துல பக்கத்துல ஒட்டிக்கும், 62500050000 பைசா. இதுக்கு சித்தப்பா கோவப்படல. ஸ்கிரீன்ஷாட் எடுத்து சொந்தக்காரங்க குரூப்ல போட்டாரு.

போன் நம்பர், பேங்க் அக்கவுண்ட் நம்பர், சர்வே நம்பர் பத்தி நீட்டி எழுத ஒண்ணுமில்ல, எல்லாம் டெக்ஸ்ட். கூட்டப் போறோமா, பெருக்கப் போறோமா? சாதாரண இன்ட் 2147483647 வரைக்கும்தான், எல்லை தாண்டுன எண்ண எரர்னு நிறுத்துற ஸ்ட்ரிக்ட் மோடு இல்லாத மைஎஸ்கியூஎல்ல 9 ல ஆரம்பிக்கிற செல்நம்பர போட்டா எல்லாருக்கும் அதே 2147483647 தான் செல்நம்பர். அக்கவுண்ட் நம்பர்ல முன்னாடி இருக்குற சைபர் போயிடும். சர்வே நம்பர் 12/3 ஐ எக்செல் தேதி ஆக்கிடும்.

ஊரு பேரு மட்டும் கொஞ்சம் வயித்தெரிச்சல். கொரடாச்சேரின்னு தேடுனா பாதி பேருதான் வர்றாங்க, கண்ணால பாத்தா எல்லாமே கொரடாச்சேரிதான். 'கொ' வ ரெண்டு விதமா எழுத முடியும், ஒகரக் குறிய ஒரே குறியீடா போடலாம், இல்ல கொம்பு தனி கால் தனின்னு ரெண்டு குறியீடா போடலாம், திரையில ஒண்ணு போலவே தெரியும், டேட்டாபேஸுக்கு வேற வேற எழுத்து. உள்ள ஏத்துறதுக்கு முன்னாடி பைத்தான்லயே ரெண்டையும் ஒரே விதமா ஆக்குற என்எஃப்சி முறைக்கு மாத்திடறேன், போஸ்ட்கிரேஸ் 13 லேர்ந்து அதுக்குள்ளயே நார்மலைஸ்னு ஃபங்ஷன் இருக்கு.

கடைசியா நல்லு. சித்தப்பா வாடகை வாங்காம ஓட்டுற வயலு சிலது உண்டு, அத்தை வீட்டு நெலம், கோயில் நெலம். அதுக்கு வாடகை 0. இன்னும் பேசி முடிக்காததுக்கு நல்லு. இந்த ரெண்டையும் ஒண்ணாக்கிட்டா அத்தை பேரு பாக்கி லிஸ்ட்ல வந்துடும், அப்புறம் அந்த வீட்டு வாசப்படிய நான் மிதிக்க முடியாது. ஜாவால கெட்இன்ட்னு கேட்டா நல்லுக்கும் 0 தான் குடுக்கும், வாஸ்நல்னு இன்னொரு தடவ கேட்டாத்தான் உண்மைய சொல்லும். பைத்தான்ல டேபிள அலசுற பாண்டாஸ்ல ஒரே ஒரு நல்லு இருந்தா மொத்த கட்டமும் ஃப்ளோட் ஆகி பில் நம்பர் 101 ங்குறது 101.0 ஆயிடும்.

பழைய நோட்டுலேர்ந்து சரி பண்ணேன்னு சொன்னேனே, அதுல ஒரு பக்கம் மட்டும் தண்ணில ஊறி அழிஞ்சு போச்சு, டேபிள்ல 2.5 ன்னு இருக்கு, 150 நிமிஷமா 170 நிமிஷமான்னு தெரியல. டிரைவர்கிட்ட கேட்டேன், அவரு ஆத்தூர் பக்கம் ஊருக்கு போயிட்டாரு, ஞாபகம் இல்லன்னாரு. வயல்காரர்கிட்ட சித்தப்பாவே நேர்ல போனாரு. அவரு, "அன்னிக்கு மிஷின் சேத்துல எறங்கி அரை மணி நேரம் நின்னுச்சே, அத கழிச்சீங்களா?" ன்னு புதுசா ஒண்ண கெளப்பிட்டாரு. ரெண்டு பேரும் டீய குடிச்சுட்டு ஆறாயிரத்துல முடிச்சுகிட்டாங்க. தொகை கட்டத்துல 600000 பைசான்னு போட்டேன். நிமிஷம் கட்டத்துல நல்லு.